எழுபத்தெட்டு சுற்று

துவைக்கும்போது நிமிடத்துக்கு ஐம்பது சுற்றுக்கு மேல் போகக் கூடாத டிரம் எழுபத்தெட்டு சுற்றியது.

பிரேம்குமார் மறுபடியும் எண்ணினான். டிரம்மின் உள்விளிம்பில் அவன் ஒட்டியிருந்த சிவப்பு டேப் துண்டு கண்ணாடிக் கதவின் கீழ்ப்பக்கத்திலிருந்து கிளம்பி, மேலே ஏறி, இறங்கி, திரும்பவும் கீழே வந்தால் ஒன்று. இடது கையில் போன், அதில் ஸ்டாப்வாட்ச். அறுபது வினாடி முடிந்தபோது எழுபத்தெட்டு. இன்னொன்றும் சரியில்லை. துவைக்கிற மிஷின் இந்தப் பக்கம் கொஞ்சம் சுற்றி, நின்று, பிறகு அந்தப் பக்கம் சுற்ற வேண்டும். இது நிற்கவில்லை. துணி இல்லாத, தண்ணீர் இல்லாத வெறும் டிரம் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

இந்த வீட்டுக்கு அவன் வருவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை மோட்டாருக்குள் தேய்ந்துபோன கார்பன் பிரஷ்ஷை மாற்றினான். இரண்டாவது தடவை மோட்டாரின் பின்பக்கத்தில் இருக்கும் ஸ்பீடு சென்சாரை மாற்றினான். மோட்டார் என்ன வேகத்தில் போகிறது என்று மிஷினை இயக்கும் சர்க்யூட் போர்டுக்குச் சொல்கிற சின்னச் சுருள் அது. அது தப்பாகச் சொன்னால் மிஷின் தறிகெட்டு ஓடும். இன்றைக்குப் போர்டையே கழற்றிப் புதிது போட்டாயிற்று. பழையதில்கூட மீட்டர் ஒரு குற்றமும் காட்டவில்லை.

வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. மாடியின் பின்பக்கம், துணி உலர்த்துவதற்காகத் தகரக் கூரை போட்டு அடைத்த இடம் அது. தகரத்தில் விழும் மழையின் இரைச்சலுக்குக் கீழே மிஷினின் முனகல் விடாமல் கேட்டது. வேலைக்காரி போட்டு மூன்று நாளாகக் காயாமல் கொடியில் தொங்கிய புடவைகளின் புழுங்கல் வாடை, சோப்புத்தூள் வாடை, அவற்றுக்குள் மெலிசாகக் கருகிய கார்பனின் வாடை. கிழக்கே கடல் பக்கத்திலிருந்து வந்த காற்று கம்பி வலை வழியாக நுழைந்து புடவைகளை அசைத்தது. மத்தியானம் மூன்றரை மணிதான், ஆனால் குழல்விளக்கைப் போட்டால்தான் ஸ்குரூவின் தலை தெரிந்தது.

"சரியாயிடுச்சா சார்?"

வாசலில் ஹேமலதா நின்றிருந்தாள். ஐம்பதைத் தொடும் வயது, நெற்றியில் ஒன்றுமில்லை. புருஷன் ஆதிமூலம் போய் நாலு மாதம்தான் ஆகிறது. அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து கட்டிய வீடு. முத்தியால்பேட்டையில் அந்தத் தெருக்காரர்களுக்கு அது இன்னும் சொல்தா வீடு, சிப்பாய் வீடுதான். இப்போது அதில் இவள் ஒருத்தி. அவள் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. மூன்று தடவையும் வரவில்லை என்பது பிரேம்குமாருக்கு அப்போதுதான் உறைத்தது.

"இன்னும் அஞ்சு நிமிஷம் மேடம்."

"போன வாட்டியும் அப்பிடித்தான் சொன்னீங்க." கோபமாகச் சொல்லவில்லை. "அந்த பாய் தம்பி ஊர்ல இல்லீங்களா? நான் போன்ல அவரத்தான் அனுப்பச் சொன்னேன்."

"அவனுக்கு வேற எடத்துல வேலை மேடம்."

"எங்க ஃபிரிட்ஜ அவருதான் பாத்தாரு. கைய வச்சாரு, ஓடிடுச்சு. அவங்க உயிரோட இருந்தப்ப ரெண்டு பேரும் ஒக்காந்து அவ்ளோ நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க. நல்ல தம்பி."

அவள் கீழே இறங்கிப் போனாள். பிரேம்குமார் கையிலிருந்த ஸ்பேனரை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

ஷஃபீக்குக்கு வேறு இடத்தில் வேலை எதுவும் இல்லை. கடையில்தான் இருந்தான். மூன்று தடவையும் போனை எடுத்தது பிரேம்குமார். மூன்று தடவையும் அவள் கேட்டது ஷஃபீக்கை. மூன்று தடவையும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வந்தது இவன்.

இரண்டு பேரும் ஐடிஐயில் ஒரே பெஞ்ச். ஒரே கம்பெனியில் சர்வீஸ் வேலை பார்த்தார்கள். எட்டு வருடத்துக்கு முன்னால் சேர்ந்து கடை போட்டபோது, இடம் பிரேம்குமாருடைய அப்பாவுடையது என்பதால் போர்டில் 'பிரேம் சர்வீஸ்' என்று எழுதினார்கள். அது நன்றாகத்தான் இருந்தது. ஒரு வருடத்துக்குள் ஆட்டோக்காரர்கள் அதைப் பாய் கடை என்றார்கள். பிறகு கூரியர் பையன்கள். பிறகு எதிர்த்த டீக்கடை. பிரேம் என்ற பெயருக்குக் கீழேயே நின்றுகொண்டு, 'பாய் கடை எங்கீங்க?' என்று அவனையே கேட்டவர்கள் உண்டு.

மீட்டரை ஷஃபீக் வெளியே எடுக்கவே மாட்டான். மிஷினின் மேல்தட்டில் வலது உள்ளங்கையை வைப்பான். கண்ணை மூடுவான். 'பேரிங் போச்சுக்கா' என்பான், இல்லை 'பெல்ட்டு லூசு' என்பான். அரை மணி நேரம் கழற்றி, அளந்து, பிரேம்குமார் கண்டுபிடிப்பதும் அதுவாகவே இருக்கும். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன மாதம் ஒருநாள் வீட்டுக்குப் போனபோது மனைவி சிந்துஜா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாகத் தண்ணீர் வெளியேறாமல் கிடந்த அவர்கள் வீட்டு மிஷினில் துவைத்த துணி.

"ஷஃபீக் அண்ணன் இந்தப் பக்கமா வந்தாரு. பாத்துக் குடுத்துட்டுப் போனாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க பாத்தா ரெண்டு நாளாவும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு மார்புக்குள் ஏதோ ஒன்று முறுக்கிக்கொண்டது. இப்போதும் முறுக்கியது.

முனகல் மாறியிருந்தது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். சிவப்பு டேப் முன்னைவிட வேகமாக வந்து போனது. மிஷினின் முகப்பிலிருந்த குமிழை யாரும் தொடவில்லை. பதினைந்து வினாடிக்கு எண்ணினான். இருபத்தாறு. நாலால் பெருக்கினால் நூற்று நாலு.

அப்போது மணிக்கட்டில் வாட்ச் அதிர்ந்தது. நடைப்பயிற்சிக்கு என்று சிந்துஜா வாங்கிக் கொடுத்த வாட்ச். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு வேகமாக அடித்தால் அது இப்படி எச்சரிக்கும். சின்னத் திரையில் சிவப்பாக ஓர் எண்.

நூற்று நாலு.

பிரேம்குமார் சிரித்தான். ஆளில்லாத இடத்தில் அந்தச் சிரிப்பு அவனுக்கே கேட்க நன்றாக இல்லை. தற்செயல்தான். எழுந்து போய்க் கம்பி வலையருகே நின்று மழையைப் பார்த்தான். பக்கத்து மாடியில் யாரோ மறந்துவிட்ட பிளாஸ்டிக் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மூச்சை இழுத்து மெதுவாக விட்டான். பத்து தடவை. வாட்சில் எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின. நூறு. தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு.

முதுகுக்குப் பின்னால் முனகலும் ஒவ்வொரு படியாக இறங்கியது.

திரும்பி வந்து மிஷினின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பயம் அப்போது பெரிதாக வரவில்லை; ஒரு மெக்கானிக்குக் கோளாறின் வால் கையில் அகப்பட்டால் வருகிற பரபரப்புதான் முதலில் வந்தது. சோதிக்க வேண்டும் என்று தோன்றியது. எதைக்கொண்டு சோதிப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சிந்துஜா துணி மடிப்பதை நினைத்தான். 'நீங்க பாத்தா ரெண்டு நாளாவும்.' டேப் விரைந்தது. ஷஃபீக்கின் உள்ளங்கையை நினைத்தான், மூடிய கண்களை, அந்த நேரத்தில் வீட்டுக்காரர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதை. டிரம் இன்னும் வேகம் எடுத்தது. வாட்ச் துடித்தது. நூற்றுப் பதினொன்று. எண்ணிப் பார்த்தான். நூற்றுப் பதினொன்று.

சிவப்பு எண்ணை உள்ளங்கையால் மூடினான்.

நிறுத்திவிடலாம். நிறுத்திவிட்டு, கீழே போய், 'மோட்டாரே போச்சு மேடம், வேற மிஷின் வாங்கிடுங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். கையை நீட்டிக் குமிழை நிறுத்தத்துக்குத் திருப்பினான்.

டிரம் சோம்பியது. டேப் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது. மழையின் சத்தம் தூரமாகப் போயிற்று. கண்ணின் ஓரங்களிலிருந்து இருட்டு உள்ளே வந்தது. மார்புக்குள் ஓர் அடி விழுந்தது. அடுத்த அடி விழ வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. காத்திருந்தான். ஒன்றுமில்லை. டேப் மேலே ஏற முடியாமல் பாதியில் தயங்கி நின்றது. அவனுடைய கைதான், அவனைக் கேட்காமலே, குமிழைத் திருப்பிப் போட்டது.

டிரம் சுற்றியது. நெஞ்சு அடித்தது.

சிமெண்ட் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக் கிடந்தான். வாயோரம் எச்சில். தரை வழியாக மிஷினின் அதிர்வு தாடைக்குள் வந்துகொண்டிருந்தது. அது அவனுடைய அதிர்வு. இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை.

குழல்விளக்கு ஒரு தடவை கண்சிமிட்டியது. மழை நாளில் இந்தப் பக்கம் கரண்ட் நிலையாக இருக்காது. அந்த ஒரு சிமிட்டலில் டிரம் அரைச்சுற்று பின்தங்கியது, அவனுக்கு ஒரு துடிப்பு தவறியது. இரண்டு கையாலும் மிஷினைக் கட்டிக்கொண்டான்.

படிகளில் செருப்புச் சத்தம். ஹேமலதா நிலைப்படியில் வந்து நின்றாள்.

"என்னாச்சு சார்? ஷாக் அடிச்சிடுச்சா?"

"இல்ல மேடம். லேசா மயக்கமா வந்துச்சு."

அவள் அவனைப் பார்க்கவில்லை. மிஷினைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.

"எனக்கும் இது பக்கத்துல நின்னா படபடன்னு வருது. அதான் வர்றதில்ல." ஓரத்திலிருந்த ஸ்டூலைக் கண்ணால் காட்டினாள். "அவங்க இங்கதான் சார் போனாங்க. அந்த ஸ்டூல்ல ஒக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாங்க. மிஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. சத்தமா இருக்குது, சித்த நிறுத்துன்னு சொன்னாங்க. நான்தான் வந்து சுவிட்ச நிறுத்தினேன். நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தா..."

மீதியைப் பிரேம்குமாருக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"நீங்க கீழ வாங்க. தண்ணி குடுக்கிறேன்."

எழுந்து நடந்தான். நிலைப்படி வரை வந்தான். முதல் படியில் இறங்கியபோது மார்புக்குள் ஒரு கயிறு விறைத்தது. இரண்டாவது படியில் பின்னால் முனகல் தளர்ந்தது. மூன்றாவது படியில் கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சுவரைப் பிடித்துத் தடவிக்கொண்டே திரும்பி ஏறிப்போய் மிஷினருகே உட்கார்ந்தான்.

"நான் கடைக்குப் போன் பண்ணி ஷஃபீக் தம்பிய வரச் சொல்றேன்," என்றாள் ஹேமலதா.

"வேணாம் மேடம்."

"நீங்க இருக்கிற நெலமைக்கு..."

"வேணாம்னு சொல்றேன்ல. நானே முடிச்சிடுவேன்."

இவ்வளவு நடந்தும் அவனுக்குப் பெரிய பயம் அதுவாகத்தான் இருந்தது. ஷஃபீக் வந்து, மேல்தட்டில் கையை வைத்து, ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவான். அவள் இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து அவள் போனில் பேசுவது கேட்டது. தம்பி என்ற சொல் மட்டும் மழையைத் தாண்டி மேலே வந்தது.

அவன் காத்திருந்தான். விளக்கைப் பார்த்தான். டேப்பைப் பார்த்தான். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. நூறு. ஒரு மனிதன் தன் நெஞ்சு சுற்றுவதைக் கண்ணாடி வழியாக உட்கார்ந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று யாரிடமும் சொல்ல முடியாது. வெறும் எஃகுத் தொட்டி, நூற்றுக்கணக்கான சின்னத் துளைகள், ஒரு சிவப்புத் துண்டு. அது களைத்துப்போனால் அவனும் முடிந்துபோவான்.

இருபது நிமிடம் கழித்து வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஷஃபீக்கின் குரல்.

"நல்லா இருக்கீங்களாக்கா? அண்ணன் விஷயம் கேள்விப்பட்டு வரணும்னுதான் இருந்தேன். கோட்டக்குப்பத்துல எங்க வீட்லயும் ஒடம்பு சரியில்லாமப் போயிடுச்சு. மன்னிச்சிக்குங்க."

ஹேமலதா அழுதாள். நாலு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை அது என்று மேலே இருந்தவனுக்கே தெரிந்தது. மூன்று தடவை வந்த தன் முன்னால் ஒரு சொட்டு விடாதவள். ஷஃபீக் ஏதோ சொன்னான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

டிரம் இரைந்தது. நூற்று இருபது.

ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஷஃபீக் உள்ளே வந்தான். நிலைப்படியில் தயங்கவில்லை.

"என்னடா பிரேமு, மூஞ்செல்லாம் இப்பிடி வேர்த்திருக்கு?" குனிந்து அவன் தோளைத் தொட்டான். "அக்கா மூணு வாட்டி போன் பண்ணாங்களாமே. சொல்லியிருந்தா நானும் கூட வந்திருப்பேன்ல."

பிரேம்குமார் பார்வையை டேப்புக்குத் திருப்பிக்கொண்டான்.

"சரி, விடு. மறந்துட்டிருப்ப." அவன் கண்ணில் எல்லாம் தெரிந்த ஒரு சின்ன வருத்தம் வந்து போயிற்று, அதையும் உடனே மறைத்துக்கொண்டான். பிரேம்குமாருக்கு அது அடித்ததைவிட மோசமாக இருந்தது. "தள்ளு, பாக்கிறேன்."

தொடாதே. அந்தச் சொல் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. தொடாதே, இது மோட்டார் கோளாறு இல்லை, அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு என்ன ஆயிற்று தெரியுமா. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஷஃபீக் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். மேல்தட்டின் மேல் வலது உள்ளங்கையை வைத்தான். கண்ணை மூடினான்.

பிரேம்குமார் சொல்லவில்லை.

டிரம் தடுமாறியது. ஒரு சுற்று, அரைச் சுற்று. நின்றது. பிரேம்குமாரின் மார்புக்குள் கயிறு ஒன்று அறுந்து விழுந்தது போல எல்லாம் லேசாயிற்று. அவன் நெஞ்சு அதன் பாட்டுக்கு அடித்தது. மூச்சு முழுசாக உள்ளே போயிற்று. வாட்ச் தொண்ணூற்றிரண்டு என்றது.

டிரம் மறுபடி கிளம்பியது. வேறு நடை. நிதானமாக, சீராக, நல்ல தூக்கத்தில் இருப்பவன் மூச்சைப் போல. எண்ணினான். அறுபத்து நாலு.

"நல்லாத்தானேடா ஓடுது," என்றான் ஷஃபீக், கண்ணைத் திறக்காமலே. முகத்தில் ஒரு மலர்ச்சி. "கொஞ்சம் ஸ்பீடு ஜாஸ்தி, அவ்ளோதான். ஆனா இதுல என்னமோ இருக்குது பிரேமு. கேக்கவே நல்லாருக்கு. கைய எடுக்க மனசு வரல."

"சரியாயிடுச்சா தம்பி?" நிலைப்படியிலிருந்து ஹேமலதா.

"சத்தம் கொறஞ்சிடுச்சுல்ல அக்கா."

"ஆமா. நீங்க வந்து கைய வச்சதுமே அடங்கிப்போச்சு." அவள் முகம் தெளிந்திருந்தது. "இருங்க, டீ போட்டு எடுத்துக்கிட்டு வர்றேன். மழைல நனைஞ்சு வந்திருக்கீங்க."

அவள் போனாள். பிரேம்குமார் தரையிலிருந்து எழுந்தான். கால்கள் உறுதியாக இருந்தன. கதவைத் தாண்டிப் போகலாம், படியிறங்கலாம், வீட்டுக்குப் போகலாம். அவன் பிழைத்துக்கொண்டான். சந்தோஷப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் மார்பில் கயிறு அறுந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அந்த வெறுமைக்குள் பழைய முறுக்கு வந்து உட்கார்ந்தது. அவனைக் கொல்லப் பார்த்த அது, ஒரு மணி நேரம் அவன் நெஞ்சோடு நெஞ்சாக ஓடிய அது, அவனைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாத அது. ஷஃபீக் வந்து கையை வைத்தான். அதுவும் அவனிடம் போய்விட்டது. சிந்துஜா போல. இந்தப் பொம்பளை போல. கடை போல.

குமிழ் அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

அதைத் தொட்டான். ஷஃபீக்கின் கண்கள் மூடியிருந்தன. குமிழில் துவைப்புக்கு அடுத்து அலசல், அலசலுக்கு அடுத்து ஸ்பின். நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூறு சுற்று. லேசாகத் தட்டிப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

திருப்பினான்.

மிஷின் கதவின் பூட்டு டக்கென்று விழுந்தது. முனகல் ஒரு படி ஏறியது. இன்னொரு படி.

"எதுக்குடா..." என்றான் ஷஃபீக். நெற்றி சுருங்கியது. "என்னமோ மாதிரி..."

டேப் தனித்துண்டாகத் தெரியவில்லை. சிவப்பு வளையம். மிஷின் தரையில் நடுங்கியது. கொடியில் புடவைகள் நடுங்கின. ஷஃபீக் கண்ணைத் திறந்தான். கை மேல்தட்டிலேயே இருந்தது. எடுக்கப் பார்த்தான். தோள் மட்டும் அசைந்தது. கை வரவில்லை.

"பிரேமு."

கழுத்து நரம்பு தெரிந்தது. அது துடிப்பது தெரிந்தது. பிறகு துடிப்புத் தெரியவில்லை, நரம்பு வெறுமே அதிர்ந்தது. முகம் சிவந்தது. கறுத்தது. அவன் பார்வை பிரேம்குமாரின் கையில், குமிழில், மறுபடி முகத்தில். கேட்பது போல. திட்டுவதற்கு அல்ல. ஏன் என்று கேட்பது போல.

திருப்பிப் போட்டால் போதும். அலசலுக்கு. துவைப்புக்கு. மெதுவாக.

கை குமிழின் மேலேயே இருந்தது.

டீ டம்ளர் விழுந்து உருண்டது. ஹேமலதா உள்ளே ஓடி வந்தாள். நாலு மாதத்தில் முதல் தடவையாக அந்த நிலைப்படியைத் தாண்டினாள்.

"ஷாக் அடிக்குது சார், பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே."

பிளக்கை நோக்கிப் போனாள். வேண்டாம். மெதுவாக இறக்க வேண்டும், பிடுங்கக் கூடாது. அவனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. ஒரு சொல். அதுகூட இல்லை, ஒரு கை நீட்டல்.

அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் வயரைப் பிடித்து இழுத்தாள். பிளக் சுவரிலிருந்து வந்துவிட்டது.

இரைச்சல் இறங்கியது. வளையம் உடைந்து டேப் ஆயிற்று. டேப் ஏறியது, இறங்கியது. ஏறியது. இறங்கியது. ஷஃபீக்கின் உதடு அசைந்தது. டேப் பாதி ஏறி நின்று, பின்னால் சரிந்து, அடியில் வந்து ஓய்ந்தது.

ஷஃபீக் விழுந்தான். மேல்தட்டிலிருந்து கை கடைசியாக வழுக்கிக்கொண்டு வந்தது.

ஹேமலதா அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டு கூப்பிட்டாள். கன்னத்தைத் தட்டினாள். தம்பி, தம்பி என்றாள். பிரேம்குமார் மண்டியிட்டுக் கழுத்தில் இரண்டு விரலை வைத்தான். ரெயின்கோட்டின் ஈரம். தோலின் சூடு. வேறொன்றுமில்லை. மழை விட்டிருந்தது. தகரத்தின் விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும்.

அந்த அமைதியில் முனகல் கிளம்பியது.

ஹேமலதா கூப்பிடுவதை நிறுத்தினாள். அவளுடைய இடது கையில் வயர் இன்னும் இருந்தது. பிளக்கின் மூன்று பித்தளைக் கால்களும் வெறும் காற்றில் இருந்தன. அவள் அதைப் பார்த்தாள். பிறகு மிஷினைப் பார்த்தாள்.

டிரம் சுற்றியது. நிதானமாக. சீராக. அறுபத்து நாலு.

பிரேம்குமார் எழுந்து அதனிடம் போனான். கால் ஷஃபீக்கின் கையை மிதித்ததை அவன் கவனிக்கவில்லை. மேல்தட்டில் உள்ளங்கையை வைத்தான். கண்ணை மூடினான். அவன் நெஞ்சு விலாவை உடைத்துவிடுவது போல அடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு வேகம் போதாதா அதற்கு. காத்திருந்தான். இரண்டாவது கையையும் வைத்தான். கன்னத்தை வைத்தான். குளிர்ந்த தகடு. பின்னால் ஹேமலதா கத்தத் தொடங்கினாள். அவன் தன் முழு உடம்பையும் அதன் மேல் அழுத்தினான்.

அது வேகம் கூட்டவில்லை. குறைக்கவும் இல்லை. அவன் அங்கே இல்லவே இல்லை என்பது போல, அறுபத்து நாலு, அறுபத்து நாலு, அறுபத்து நாலு என்று ஷஃபீக்காகவே சுற்றிக்கொண்டிருந்தது.